வாத்தியாரின் வயது

‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலுக்கு வெளியானது. அடுத்த மூன்றாவது நாள் அதன் கதாநாயகன் எம்.ஜி.ஆருக்கு 61 வயது நிறைந்தது. அவர் தமிழக முதலமைச்சராகி அப்போது ஆறு மாதம் கடந்திருந்தது. அகிலனின் ‘கயல்விழி’ நாவலைத் தழுவிய அந்தப் படத்தை இயக்கியதும் அவரே. கோட்டையில் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போடும் ஒருவர், திரையில் பாண்டிய இளவரசனாக வாள் வீசுகிறார். அதுதான் அவருடைய கடைசிப் படம்.

எம்.ஜி.ஆரின் கடைசிப் பத்தாண்டுப் படங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அரசியல் நிறைய இருக்கிறது. கட்சி, கொடி, பாட்டு வரிகளில் மறைந்திருந்த செய்தி, தேர்தல் கணக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து உள்ளே போனவர்கள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதரின் சண்டைக் காட்சிகளை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பொதுவாக மூன்று பதில்கள் தயாராகக் கிடைக்கின்றன. முதலாவது, அது கண்மூடித்தனமான அன்பு, வயதெல்லாம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. இரண்டாவது, ஏழைகளுக்கு ஒரு கனவு தேவைப்பட்டது, அதை அவர் விற்றார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எழுதிய ‘தி இமேஜ் டிராப்’ இந்தப் பக்கம் நிற்கும் முக்கியமான நூல். தங்களுக்கு அதிகம் நன்மை செய்யாத ஓர் ஆட்சியை ஏழைகள் ஏன் தாங்கிப் பிடித்தார்கள் என்று அது கேட்கிறது. மூன்றாவது, சிவாஜி ரசிகர்களின் பதில். அது வெறும் கிண்டல்.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனாலும் மூன்றுமே பார்வையாளரைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகின்றன. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறொன்று கிடைக்கிறது. எம்.ஜி.ஆரின் வயது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் சண்டையை அளக்க அவர்கள் வயதை எடுக்கவில்லை. வேறு அளவுகோல் கைவசம் இருந்தது. அது எப்படி வந்தது, எப்போது கைநழுவியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உடம்பின் கணக்கு

எம்.ஜி.ஆர் தாமதமாக வந்த கதாநாயகன். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் சின்ன வேடத்தில் அறிமுகமானவருக்கு ‘ராஜகுமாரி’யில் நாயகன் வேடம் கிடைத்தபோது ஆண்டு 1947, வயது 30. அந்தப் படத்தில் தன்னோடு மோத சாண்டோ சின்னப்பா தேவரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். சண்டையில் எதிரே நிற்பவனும் உண்மையிலேயே பலசாலியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் முதல் படத்திலேயே இருந்திருக்கிறது. ‘நாடோடி மன்னன்’ வந்த 1958-இல் அவருக்கு 41. இன்றைய கணக்கில் ‘வாலிப வயது’ என்று சொல்லத்தக்க காலத்தில் அவர் நட்சத்திரமாகவே இல்லை. அதாவது தமிழர்கள் கொண்டாடிய எம்.ஜி.ஆர் தொடக்கத்திலிருந்தே நடுவயதுக்காரர்தான்.

உடம்பும் அடி வாங்கிய உடம்பு. 1959 ஜூனில் சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகத்தில், குண்டுமணி என்ற பெரிய உடல்வாகு கொண்ட நடிகரைத் தூக்கும் காட்சியில் கால் எலும்பு முறிந்தது. இனி சண்டைப் படம் கிடையாது என்று பலரும் பேசினார்கள். 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆனால் குரல் போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘காவல்காரன்’ படத்தில் வேறொருவரைக் குரல் கொடுக்க வைக்காமல், உடைந்த குரலிலேயே அவர் பேசினார். படம் ஓடியது. குரல் மாறியது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். மறைக்கவே முடியாத மாற்றம் அது. தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

1969-இல் ‘அடிமைப் பெண்’. வயது 52. அதில் ஒற்றைக் காலில் நின்று அசோகனோடு மோதும் சண்டை வரும். பத்து வருடத்துக்கு முன்னால் கால் முறிந்த ஒருவர் திரையில் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்றால், அந்தக் கதை தெரிந்த பார்வையாளருக்கு அது வெறும் சண்டையாகவா இருந்திருக்கும்? ‘கால் ஒடஞ்ச மனுசன் பாரேன்’ என்று என் தாத்தா இன்றும் அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லும்போது அந்த முறிவையும் சேர்த்தே சொல்கிறார். வயதும் காயமும் அவர்கள் பார்வைக்குள்தான் இருந்தன. படத்தின் சுவையில் அவையும் ஒரு பகுதி.

அன்றைக்குப் படங்கள் வந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் வெளியீட்டு வரிசை என்று ஒன்று கிடையாது. கிடைத்த பிரதி வரும். திருவிழாவுக்குக் கறுப்பு வெள்ளையில் நாற்பது வயது எம்.ஜி.ஆர், தீபாவளிக்கு வண்ணத்தில் ஐம்பத்தைந்து வயது எம்.ஜி.ஆர், மறுபடியும் அடுத்த மாதம் முப்பத்தைந்து. வயது ஒரே திசையில் ஓடவில்லை. முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது. ஒரே ஆளின் கம்பு பிடியை இருபது வருட இடைவெளியில் ஒரே மாதத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருந்தது.

கம்பு தெரிந்த கண்

ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் முக்கியம்.

மலாயாத் தோட்டங்களில் சிலம்பம் ஓர் அரிய கலையாக இருக்கவில்லை. கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவார்கள். கல்யாண ஊர்வலத்தில் சுற்றுவார்கள். வேலை முடிந்த சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக் கொடுப்பவரை ஆசான் என்பார்கள், வாத்தியார் என்பார்கள். எம்.ஜி.ஆரை ரசிகர்கள் ‘வாத்தியார்’ என்று அழைத்ததற்குப் பல விளக்கங்கள் உண்டு. கம்பு தெரிந்தவர்களின் காதில் அந்தச் சொல் பள்ளிக்கூடத்தை மட்டும் நினைவுபடுத்தியிருக்காது.

எல்லோரும் ஆட்டக்காரர்கள் அல்ல. ஆனால் ஆடாதவனுக்கும் பார்க்கத் தெரிந்திருந்தது. சலாம் வரிசை ஒழுங்காக வைத்தானா, காலடி பிசகியதா, வீடு கட்டும்போது முதுகைக் காட்டினானா, கம்பு கையிலிருந்து தெறித்ததா. கால்பந்து விளையாடத் தெரியாத நாம் ‘அது ஆஃப்சைடுப்பா’ என்று சொல்கிற மாதிரி.

இந்தக் கண்ணோடு 1971-க்குப் பிந்தைய எம்.ஜி.ஆரைப் பார்க்க வேண்டும். ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்தபோது அவருக்கு 54. அந்தப் படத்துக்குத்தான் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’, வயது 56. தலைப்பில் இருக்கும் ‘வாலிபன்’ அன்றைக்கே சிரிப்பை வரவழைத்த சொல். 1976-இல் ‘உழைக்கும் கரங்கள்’. 59 வயதில் மான் கொம்பை ஆயுதமாகப் பிடித்து ஆடும் சண்டை அதில் உண்டு. மான் கொம்பு பிடிப்பது சிலம்பத்தின் துணைக் கலை. அதைத் திரையில் பார்த்ததுமே பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள்.

இங்கே நான் படித்த படிப்பு கொஞ்சம் உதவுகிறது. சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஆளின் புருவ உயரம், சுமார் 1.6 மீட்டர். ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் பிடித்துச் சுழற்றினால் மறுமுனை கையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரத்தில் சுற்றும். 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றினாலே முனையின் வேகம் வினாடிக்கு 13.8 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கையோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மணிக்கட்டு திரும்புகிறது, அவ்வளவே. நெம்புகோலின் நீளம் வேலையைச் செய்கிறது.

அதனால்தான் சிலம்பம் வயதைத் தாங்கும் கலை. எகிறி உதைக்க இடுப்பு நெகிழ வேண்டும், தொடைத் தசை ஒரே நொடியில் வெடிக்க வேண்டும். வயதாகும்போது முதலில் குறைவது இந்த இரண்டும்தான். மணிக்கட்டின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அறுபது வயது ஆசான் இருபது வயதுப் பையனை நாலு அடியில் மடக்குவதைத் தோட்டத்துத் திடலில் பார்த்தவர்களுக்கு, 59 வயது எம்.ஜி.ஆர் கொம்பு பிடித்து ஆடுவது நம்ப முடியாத கற்பனை இல்லை. வாத்தியார் என்றால் வயதானவராகத்தான் இருப்பார். அதில் என்ன இருக்கிறது?

சினிமா சினிமாதான், மறுக்கவில்லை. காமிராவைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் படமெடுத்துத் திரையில் வேகமாகக் காட்டும் உத்தி அன்றைய சண்டைப் படங்களில் சகஜம். ஆபத்தான காட்சிகளில் கே.பி. ராமகிருஷ்ணன் போன்றவர்கள் எம்.ஜி.ஆருக்கு டூப் போட்டார்கள். இதெல்லாமும் பேசப்பட்டதுதான். ஆனால் கம்புச் சண்டைக்கு ஒரு கட்டாயம் உண்டு. 1.6 மீட்டர் கம்பு முழுதாகச் சுற்றுவதைக் காட்ட வேண்டுமானால் காமிரா தள்ளி நிற்க வேண்டும், ஆள் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், வெட்டாமல் சில வினாடிகள் ஓட வேண்டும். கைக்கும் காலுக்கும் உள்ள பொருத்தம் அப்போது வெளியே தெரிந்துவிடும். பார்க்கத் தெரிந்தவன் சோதித்துக்கொள்ளலாம். சோதித்தார்கள். ‘இந்தச் சுத்து அவரு சுத்துனது, அந்தக் குதி அவரு குதிச்சது இல்ல’ என்று பிரித்துச் சொல்கிற அளவுக்குப் பார்த்தார்கள்.

இறங்காத சைக்கிள்

‘ரிக்‌ஷாக்காரன்’ சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் ரிக்‌ஷாவின் இருக்கையை விட்டு இறங்காமலேயே, வண்டியைத் திருப்பிக்கொண்டே, கம்பு சுழற்றி அடியாட்களை எதிர்கொள்ளும் காட்சி. எம்.ஜி.ஆர் சண்டைகளில் எது பிடிக்கும் என்று கேட்டால் நம் பெரியவர்களில் பலர் இதைத்தான் சொல்வார்கள். திறமைக்காக என்று சொல்வார்கள். திறமைதான், சந்தேகமில்லை. சிலம்பத்தில் பாதி காலடி. காலே தரையில் படாமல் கம்பு ஆடுவது அந்தக் கலையின் அடிப்படையையே கழித்துவிட்டு ஆடுவது.

கூடவே இன்னொரு காரணமும் இருக்கலாம். அதற்கு முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதனும் அதன் முன்னணியில் இருந்தார்கள். கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துத் துரைமார் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

கூலி உயர்வுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள். அந்த இறங்கி நிற்றல் எவ்வளவு குத்தியிருந்தால் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியிருக்கும்! நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் 1971-இல் உயிரோடுதான் இருந்தார்கள். படம் பார்த்தார்கள். திரையில் உழைப்பாளி ஒருவன் எவன் வந்தாலும் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

இரண்டையும் அவர்கள் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. படத்தை எடுத்தவர்கள் கிள்ளானை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஒரே காட்சி இரண்டு ஊரில் ஒரே அர்த்தத்தோடு இறங்குவதில்லை. சென்னைக்காரருக்கு அது தொகுதி அரசியல். சிலாங்கூர்க்காரருக்கு அப்பா சொன்ன ஏதோ ஒரு கதை. அப்படிப்பட்ட நேரத்தில் ஓட்டுகிறவரின் தொப்பிக்குக் கீழே முடி நரைத்திருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

1973

நான் இருப்பது ஸ்ரீ கெம்பாங்கானில். இது அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாமல் தடுக்க, சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைக் கம்பி வேலிக்குள் கொண்டு வந்து வைத்த புதுக்கிராமம். செர்டாங் புதுக்கிராமம் என்பது பழைய பெயர். ஒரு பக்கம் ஈயலம்பம், இன்னொரு பக்கம் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்துத் தமிழர்களையும் அதே காலத்தில் வேலிக்குள் ஒன்றுசேர்த்து வைத்தார்கள். சந்தைக்கு வந்தால் இரு சாராரும் ஒரே தெருவில்தான் நடந்தார்கள். ஒரே தியேட்டர் சுவரில்தான் தமிழ்ப் படச் சுவரொட்டியும் சீனப் படச் சுவரொட்டியும் ஒட்டப்பட்டன.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே 11-ஆம் தேதி வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20-ஆம் தேதி, புரூஸ் லீ ஹாங்காங்கில் இறந்தார். வயது 32. அதே ஆண்டு ‘எண்டர் தி டிராகன்’ வந்தது. அதற்கு முன்பே ‘தி பிக் பாஸ்’, ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ வந்து இந்த வட்டாரத்தையே கலக்கியிருந்தன. எம்.ஜி.ஆர் படத்தின் ஒரு பகுதி ஹாங்காங்கிலேயே எடுக்கப்பட்டது. அதில் ஒரு புத்த மடத்துக்குள் பிக்கு வேடத்தில் வரும் நம்பியாரோடு எம்.ஜி.ஆர் மோதுவார். கிழக்காசிய அடிமுறையின் சாயலைச் சேர்க்கும் முயற்சி அந்தச் சண்டையில் தெரியும். நம்பியாருக்கு அப்போது வயது 54. இருவருக்கும் சேர்த்து 110.

மலேசியத் தமிழ் இளைஞன் ஒருவனுக்கு அந்த ஓராண்டில் இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. பார்த்தான். அளவுகோல் மாறத் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். புரூஸ் லீ சட்டையைக் கழற்றினார். அவருடைய கலையில் ஆயுதம் அந்த உடம்புதான். நஞ்சாக்குகூட அந்த உடம்பைக் காட்டுவதற்கு ஒரு சாக்கு. எம்.ஜி.ஆருடைய கலை கையில் பிடித்த பொருளில் இருந்தது: கம்பு, வாள், கொம்பு. முழுக்கைச் சட்டைக்குள்ளே இருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்பது அங்கே இரண்டாம்பட்சம். புரூஸ் லீக்குப் பிறகு அது முதல் கேள்வியானது. வயிறு தெரிகிறதா? கால் எவ்வளவு உயரம் போகிறது?

என் பெரியப்பா தலைமுறை இந்த மாற்றத்தின் பிள்ளைகள். பதின்வயதில் கம்பைக் கீழே வைத்துவிட்டு கராத்தே, தேக்குவாண்டோ வகுப்புக்குப் போனவர்கள். ‘வாத்தியார் படம்னா அழுவோம், புரூஸ் லீ படம்னா வீட்டுக்கு வந்து கதவ ஒதைப்போம்’ என்பார் அவர். அவர்கள் கிண்டலும் இங்கிருந்துதான் தொடங்கியது. அவர்களின் அப்பாக்கள் கையைப் பார்த்த இடத்தில் இவர்கள் இடுப்பைப் பார்த்தார்கள்.

சீனர் பக்கமும் இதே கதைதான் நடந்தது. குங்ஃபுவும் சிங்க நடனமும் கற்ற பெரியவர்கள் படத்தைப் பார்த்து இது எந்தப் பள்ளியின் அடி என்று பேசுவார்கள். அவர்களின் பேரர்கள் படத்தைப் பார்த்து ‘ஆக்‌ஷன் நல்லா இருந்துச்சு’ என்கிறார்கள்.

உண்மையான முறையீடு

எம்.ஜி.ஆரின் வயதைப் பற்றி அந்தத் தலைமுறைக்குக் குறையே இல்லையா? இருந்தது. நான் கேட்டவரையில் அது சண்டைக்கு எதிரான குறை அல்ல, டூயட்டுக்கு எதிரான குறை. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வழியாக அறிமுகமான லதா, எம்.ஜி.ஆரைவிட 36 வயது இளையவர். கடைசிப் படத்திலும் அவரே நாயகி. ‘கம்பு எடுத்தா வாத்தியாரு, பாட்டுக்கு வந்தா தாத்தா’ என்பது என் பாட்டி சொன்னது. அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் இந்த ஒற்றை வரி, ரசிகர்களைக் கண்மூடிகள் என்று சொல்லும் பல பக்கங்களுக்குப் பதில். வயதை மறைக்கிற காட்சி எது, வயது ஒரு தகுதியாகவே இருக்கிற காட்சி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. சிவந்த கன்னமும் கருத்த முடியும் அவரை ஏமாற்றவில்லை. கையை மட்டும் நம்பினார்.

பாண்டியன் நூலோடு எனக்குள்ள சின்ன உரசலும் இங்கேதான். பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்று அவர் அடுக்குவது வலுவான வாதம். அந்தப் பிம்பத்துக்குள் பார்வையாளர் எதை எடுத்துக்கொண்டார், எதைத் தள்ளினார் என்ற கணக்கு அதில் போதவில்லை. பொறியில் விழுந்தவர் என்று சொல்லிவிட்டால், பொறியை உள்ளிருந்தே ஆராய்ந்து பார்த்த ஆளின் அறிவு விடுபட்டுப் போகிறது. ஒரு பிம்பத்தை நேசித்துக்கொண்டே அதன் தையலை எண்ண முடியும். எங்கள் பாட்டிகள் எண்ணினார்கள்.

‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ எம்.ஜி.ஆரின் பெரும் வெற்றிகளின் வரிசையில் பேசப்படுவதில்லை. அதைப் பார்த்தவர்கள் சொல்வது இரண்டு விஷயம். வாள் பிடி அப்படியே இருக்கிறது. அசைவு குறைந்திருக்கிறது. முன்பு ஆள் எதிரியைச் சுற்றி வருவார், இதில் எதிரிகள் அவரைச் சுற்றி வருகிறார்கள். எந்தத் திரைப்பட விமர்சகரும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கம்பு இல்லாத கண்

பிறகு தோட்டங்கள் போயின. துண்டாடல் அறுபதுகளிலேயே பலரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மிச்சம் வளர்ச்சித் திட்டங்களுக்குப் போனது. இங்கிருந்து பக்கம்தான் புத்ராஜெயா. பிராங் பெசார் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் தொண்ணூறுகளில் நாட்டின் நிர்வாகத் தலைநகரமாக மாறின. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அடுக்குமாடி நடைபாதையில் 1.6 மீட்டர் கம்பைச் சுற்ற முடியாது. சுவர் இடிக்கும். ஒரு கலை மறைவதற்கு எப்போதும் தடை உத்தரவு வேண்டியதில்லை, கூரையின் உயரம் போதும்.

கம்பு போனதோடு கண்ணும் போனது. இரண்டு அண்மைப் படங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

2016 ஜூலையில் ‘கபாலி’. ரஜினிக்கு 65. அவர் நரைத்த தாடியோடு, கிட்டத்தட்ட தன் வயதிலேயே நடித்தார். கதை நம் ஊரில் நடந்தது. பின்கதையில் தோட்டத் தொழிலாளரின் சம உரிமைக்குக் குரல் கொடுப்பவனாக அவன் வந்ததில், 1941-இன் எதிரொலி கேட்டவர்களும் இங்கே உண்டு. குண்டர் கும்பலோடு நம்மைக் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. மலேசியத் திரையிடலில், கபாலி போலீசில் சரணடைந்தான் என்ற வாசகத்தை முடிவில் சேர்த்தார்கள். அதுவும் ஒரு விவாதமானது. வரலாறு பற்றி, பெயர் பற்றி, கோட்டு சூட்டு பற்றி நாம் அத்தனை பேசினோம். சண்டையைப் பற்றி மட்டும் பேச எதுவும் இருக்கவில்லை. அதில் வேலை செய்தது துப்பாக்கி. துப்பாக்கிக்கு வயது கிடையாது, வித்தையும் பெரிதாகத் தேவையில்லை.

2024 ஜூலை 12-ஆம் தேதி ‘இந்தியன் 2’. கமலுக்கு 69. ஆனால் முதல் படத்தின் கணக்குப்படி சேனாபதிக்கு நூறைத் தாண்டியிருக்க வேண்டும். கையில் இருக்கும் கலை வர்மம். இதைவிடப் பொருத்தமாக ஒரு வயதான வீரனுக்குக் கலை அமையாது. வர்மத்துக்குப் பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும் என்பதே அதன் கோட்பாடு. 1996-இல் அந்த இரண்டு விரல் மடிப்பைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லோரும் செய்து பார்த்தார்கள் என்று அண்ணன்மார் சொல்வார்கள். 2024-இல் பேச்சு முழுக்க வேறு: ஒப்பனை எப்படி, முகம் ரப்பர் மாதிரி இருக்கிறதா, நூற்றுச் சொச்சம் வயதில் இதெல்லாம் முடியுமா? இயக்குநர் ஷங்கர்கூட நூறு வயதைக் கடந்தும் பயிற்சி செய்த ஒரு சீன ஆசானை உதாரணம் காட்டிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. கேள்வியும் பதிலும் வயதிலேயே நின்றன. விரல் எங்கே படுகிறது, அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்க நமக்குத் தெரியவில்லை.

படம் சுமார்தான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. வர்மத்தை மந்திரவாதமாக மாற்றி, தொட்டவன் குதிரை மாதிரி ஓடுகிறான் என்று எடுத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அப்படி எடுக்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சோதித்துப் பார்க்கிற கண் எதிரே இல்லை என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

கமல் பிறந்த அதே 1954-இல் பிறந்தவர் ஜாக்கி சான். தன் 69-ஆவது பிறந்தநாளில், 2023 ஏப்ரல் 7-ஆம் தேதி, ‘ரைட் ஆன்’ என்ற படத்தை வெளியிட்டார். அதில் அவர் ஒரு பழைய சண்டைக் கலைஞர், கூடவே ஒரு குதிரை. தன் பழைய சாகசக் காட்சிகளை அந்தப் பாத்திரம் பார்க்கும் இடத்தில், ஜாக்கி சானின் உண்மையான பழைய காட்சிகளையே ஓடவிட்டார்கள். விழுந்து எழுந்த உடம்பின் கணக்கைப் படத்துக்குள்ளேயே பார்வையாளர் முன் வைத்தார்கள். நம் தோட்டத்துப் பார்வையாளர்கள் இந்தக் கணக்கை யாரும் எடுத்துக் கொடுக்காமலேயே போட்டார்கள்: சீர்காழி, கழுத்துக் குண்டு, ஒற்றைக் கால்.

சிலம்பம் இப்போது வேறு வழியில் திரும்பியிருக்கிறது. இங்கே சங்கங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிகளில் வகுப்புகள் நடக்கின்றன, புள்ளிக் கணக்கோடு போட்டிகள் நடக்கின்றன. கற்றுக்கொள்பவர்களில் பெண் பிள்ளைகள் நிறைய. எங்கள் வட்டாரத்தில் பயிற்சிக்குப் போகும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு ‘ரிக்‌ஷாக்காரன்’ சண்டையைக் கைப்பேசியில் காட்டினேன். எம்.ஜி.ஆர் யாரென்று அவளுக்குப் பாதிதான் தெரியும். அரசியல் சுத்தமாகத் தெரியாது. மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ‘அங்கிளுக்கு மணிக்கட்டு நல்லா இருக்கு. ஆனா அந்த ரெண்டாவது ஆளு வேணும்னே லேட்டா வர்றான்’ என்றாள். அவருக்கு அப்போது 54 வயது என்று சொன்னேன். ‘எங்க மாஸ்டருக்கு அதுக்கு மேல’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.